செக்ஷன் மூன்றில் பூச்சி ஏன் கூடியது

நீங்களே சொல்லுங்கள்: ஒரு சரிவில் இருந்த செடிகளையெல்லாம் வெட்டித் தள்ளிய இரண்டே நாளில் அங்கே பட்டாம்பூச்சி பல மடங்கு கூடினால், அந்தச் சரிவுக்கு நடந்தது நல்லதா, கெட்டதா?

சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். நான் இந்தக் கேள்விக்கு ஒரே மாதத்தில் வேறு வேறு பதில் சொன்னவள். ஒவ்வொன்றையும் சொல்லும்போது முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற ஜூனியர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை டைப் செய்கிறேன். நான் சீனியர். சர்வீஸ் இரண்டு வருஷம். சிரிக்க வேண்டாம், இந்தக் குளிருக்கும் இந்தச் சம்பளத்துக்கும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் எங்கள் புராஜெக்டில் குறைவு.

சேலத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். கூடப் படித்தவர்கள் மருந்து கம்பெனிக்கும் பேங்க் கோச்சிங்குக்கும் போனார்கள். நான் ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். கரடியூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வாரம் ஒருமுறை நடந்து பட்டாம்பூச்சி எண்ண வேண்டும்; மற்ற நாட்களில் மாரமங்கலம் வரை வேறு தடங்கள். இதை ஒரு வேலை என்று வீட்டில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால் அப்பா, "கவர்மென்ட் மாதிரி ஒன்னு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

1. கண்ணாடிப் பெட்டி

முதல் நாள் வேலை சொல்லிக்கொடுத்தவர் மீரா அக்கா, எங்கள் புராஜெக்டை நடத்துபவர். அதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்ததும் என்னை நிறுத்தினார்.

"உன்னச் சுத்தி ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குன்னு நெனச்சுக்கோ. இந்தப் பக்கம் ரெண்டரை மீட்டர், அந்தப் பக்கம் ரெண்டரை, முன்னாடி அஞ்சு, மேல அஞ்சு. அதுக்குள்ள வர்றத மட்டும் எண்ணு. பெட்டிக்கு வெளிய ஆயிரம் பறந்தாலும் நீ பாக்கல."

"பின்னாடி அக்கா?"

"பின்னாடி பெட்டியே கெடையாது. திரும்பிப் பாத்தா எண்ணினதையே மறுபடி எண்ணுவ. நடந்துகிட்டே இருக்கணும்."

இதற்கு டிரான்செக்ட் என்று பெயர். ஒரே பாதை, ஒரே வேகம், வெயில் வந்த பிறகு மட்டும். மேகம் மூடினால் நிறுத்து. காற்று பலமாக அடித்தால் ரூமுக்குப் போ. பாதையை ஐந்து செக்ஷனாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணிக்கையை மொபைல் ஆப்பில் ஏற்றுவோம். முட்டை, புழு, கூட்டுப்புழு எதுவும் கணக்கில் வராது. சிறகு இருக்கிறதா, எண்ணு. இல்லையா, நட.

ஐந்தில் இரண்டு செக்ஷன் மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். செக்ஷன் ஒன்று மேலே, பழைய லைன் வீடுகள் பக்கம். எஸ்டேட் தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த வரிசை வீடுகள் அவை; இப்போது ஓடு போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. சில்வர் ஓக் நிழல், ஈரம், அரை இருட்டு. பழுப்பு நிறத்தில் சில சோம்பேறிப் பூச்சிகள் தரையோடு தரையாகத் தத்திக்கொண்டிருக்கும். சரியான மொக்கை செக்ஷன்.

செக்ஷன் மூன்று கீழே, தார் ரோட்டை ஒட்டிய சரிவு. காபி நடாமல் சும்மா விட்ட இடம். இடுப்பு உயரத்துக்குக் கிலுகிலுப்பை மண்டிக் கிடக்கும். மஞ்சள் பூ பூத்து, காய் காய்ந்ததும் ஆட்டினால் உள்ளே விதை குலுங்குமே, அந்தச் செடிதான். எஸ்டேட்டின் மொத்த வெயிலும் அங்கேதான் வந்து விழுகிறதோ என்று தோன்றும். வாரா வாரம் செக்ஷன் ஒன்றையும் இரண்டையும் கடனே என்று முடித்துவிட்டு, மூன்றுக்கு வந்ததும்தான் எனக்கு மூச்சே வரும்.

எஸ்டேட் ரைட்டர் சவரிமுத்து அண்ணன் முதல் நாளே வந்து விசாரித்தார். ரைட்டர் என்றதும் கதை எழுதுபவர் என்று நினைக்காதீர்கள். இன்று யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தக் காட்டில் என்ன வேலை என்று பார்த்துக்கொள்பவர்.

"ஏனுங்க மேடம், இத எண்ணி என்னங்க பண்ணுவீங்க?"

"கூடுதா கொறையுதான்னு பாப்போம் அண்ணா."

"கூடுனா?"

"ரிப்போர்ட் எழுதுவோம்."

"கொறஞ்சா?"

"அப்பவும் எழுதுவோம்."

"அப்ப ரெண்டும் ஒன்னுதானுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எஸ்டேட் முழுக்க எனக்குப் பூச்சி மேடம் என்று பெயர்.

2. முதலாளியின் கண்டிஷன்

முதலாளி தனசேகர் சார் இருப்பது சேலத்தில். சனிக்கிழமைகளில் காரில் மேலே வருவார். காபியை மட்டும் நம்பினால் கதை நடக்காது என்று நாலு காட்டேஜும் ஒரு பார்க்கிங்கும் கட்ட முடிவு செய்திருந்தார். அதற்கு அவர் பார்த்து வைத்த இடம், செக்ஷன் மூன்று. ரோட்டை ஒட்டி இருக்கிறது, ஒரு காபிச் செடியைக்கூடப் பிடுங்க வேண்டாம். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காரை மறித்தேன். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"சார், எஸ்டேட்லயே பட்டாம்பூச்சி அதிகமா இருக்கற இடம் அதுதான் சார். அங்க கட்டாதீங்க."

"ஏங் கண்ணு, நானும் பொறந்ததுலருந்து பாக்கறேன். அது எல்லா எடத்துலயுந்தான் பறக்குது."

"அங்கதான் சார் அதிகம். டேட்டா இருக்கு."

"டேட்டா உங்க ஆபீசுக்கு. எனக்குக் கண்ணுல காட்டோணும். மழை விட்டதும் ஜேசிபி வருது. அதுக்குள்ள அங்க பூச்சி மொய்க்கறத எனக்குக் காட்டிட்டீன்னா, நான் காட்டேஜ வேற பக்கம் மாத்திக்கறேன். காட்ட முடியலைன்னா இப்பிடி வந்து குறுக்க நிக்கக் கூடாது. செரியா?"

"சரி சார்."

சும்மா கெத்தாகத்தான் சொன்னேன். காரணம் இருந்தது. அக்டோபர் மழை சமயத்தில் புளூ டைகர், காமன் குரோ இரண்டும் கூட்டம் கூட்டமாக இந்த மலையைக் கடந்து போகும். கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்டது புளூ டைகர்; தமிழில் நீல வரியன். காமன் குரோ பெயரிலேயே இருக்கிறது, காக்கைக் கறுப்பு. போகிற வழியில் இவை கிலுகிலுப்பையைக் கண்டால் இறங்கும். இறங்குகிற சனிக்கிழமை முதலாளியைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

இந்த வருஷம் பார்த்து அவை இறங்கவில்லை. ஒரு வாரம் பன்னிரண்டு. அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம் மூடுபனி, நடக்கவே முடியவில்லை. மொக்கை செக்ஷன் ஒன்றே கிட்டத்தட்ட அதில் பாதி காட்டியது. தலைக்கு மேலே வானத்தில் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தன, கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன பிரச்சினை, செடி பிடிக்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா, ஒன்றும் விளங்கவில்லை.

3. வெட்டு

களை வெட்டும்போது சரிவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சவரிமுத்து அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். சரி என்றிருந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வண்டியில் அந்தப் பக்கம் போகிறேன், சரிவு மொட்டையாக இருக்கிறது. கிலுகிலுப்பை மொத்தமும் வெட்டப்பட்டுக் குவியல் குவியலாகக் கிடக்கிறது. குவியலுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சோற்றுத் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் அவர்களுடைய மேஸ்திரி செல்லம்மாக்கா. மாரமங்கலத்துக்காரர். ஊரில் சொந்தக் காடு இருக்கிறது, சாமை போடுவார்கள். சீசனுக்கு இங்கே ஆள் கூட்டி வருவார். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த எஸ்டேட்டில் கேட்கும்.

"அக்கா! இத யாரு வெட்டச் சொன்னது?"

"ரைட்டர் சொன்னாருங்க. எடம் அளக்க ஆளு வாராங்களாம். கால் வெக்க வழி வேணுமாம்."

"வேண்டாம்னு சொல்லியிருந்தேனே!"

"எங்கிட்டச் சொல்லலீங்களே சாமி. சொல்லியிருந்தா நாங்க ஏன் இந்த வெயில்ல நிக்கறோம்? நெழல்ல இருக்கற காட்டுக்கில்ல போயிருப்போம். மண்ட காஞ்சு போச்சு."

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். "பூச்சி மேடம் அழுவறாங்க பாருங்கக்கா."

"நான் ஒன்னும் அழல."

"அழுவாதீங்க சாமி. களைதானுங்க? நாம வேண்டான்னாலும் மொளைக்கும்" என்று செல்லம்மாக்கா போசி மூடியை என் பக்கம் நீட்டினார். "சாமச் சோறு. ஒரு வாய் சாப்புடுங்க. மூஞ்சி நொம்ப வாடிக் கெடக்குது."

ரைட்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சுங்க மேடம். மொதலாளி சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. எனக்குச் சம்பளம் குடுக்கறது யாருன்னும் ஞாபகம் இருந்துச்சு."

போனை வைத்தேன். சாமைச் சோற்றைச் சாப்பிட்டேன். சாயங்காலம் மீரா அக்காவுக்குப் போன் செய்து, "செக்ஷன் மூணு அவ்ளோதான் அக்கா, இனிமே ஜீரோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

4. எண்ண முடியாத சனிக்கிழமை

சனிக்கிழமை என் டிரான்செக்ட் நாள். ஜீரோ என்றாலும் நடந்து ஜீரோ போட வேண்டும், அதுதான் ரூல். செக்ஷன் ஒன்று, பழுப்புப் பூச்சி நாலு. செக்ஷன் இரண்டு, இன்னும் மோசம். ரோட்டுச் சரிவுக்கு இறங்கினேன்.

குவியல்கள் கறுப்பாக இருந்தன. யாரோ தாரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் இரண்டடி வைத்ததும் தார் எழுந்து பறந்தது.

புளூ டைகர். காமன் குரோ. இடையிடையே வெந்தய நிறத்தில் பிளெயின் டைகர். வாடிப்போன இலை, வெட்டுப்பட்ட தண்டு, நசுங்கிய காய் எல்லாவற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. என் சட்டையில், தொப்பியில், மொபைல் மேல். நூறு வரை ஒழுங்காக எண்ணினேன். அப்புறம் பத்துப் பத்தாக. அப்புறம் குவியல் குவியலாக. நின்று எண்ணக் கூடாது, நடந்தால் எல்லாம் கிளம்பிச் சுற்றிவந்து மறுபடி முன்னாலேயே உட்காருகின்றன. கடைசியில் ஆப்பில் நானூறு என்று போட்டேன். உண்மையில் எத்தனை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மீரா அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"வெட்டிப் போட்டாங்களா? அதான். எல்லாம் ஆம்பளப் பூச்சி நிவி. அந்தச் செடி வாடும்போது வர்ற சாறு அதுங்களுக்கு வேணும். பொண்ணுங்கள இழுக்கற வாசனைய அதுலருந்துதான் பண்ணும். நிக்கற செடிய விட வாடின செடிதான் அதுக்கு இஷ்டம்."

"அப்ப இது நல்லதா, கெட்டதா?"

"அது இந்த நம்பர்ல தெரியாது."

"பின்ன எதுக்கு அக்கா நம்பர்?"

சிக்னல் போய்விட்டதாக அவர் சொன்னார். எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது.

குவியலை அள்ளிப்போட வந்த செல்லம்மாக்கா கூட்டம் ரோட்டிலேயே நின்றுவிட்டது. "என்னத்துக்குங்க இப்பிடி மொய்க்குது?" என்று கேட்டார். நான் கேட்டதை அப்படியே சொன்னேன். "எல்லாம் ஆம்பளைங்கக்கா. இந்தச் சாறக் குடிச்சாத்தான் பொண்ணு கெடைக்குமாம்."

"எங்கூட்டுலயும் ஒன்னு தெனமும் குடிச்சுப்போட்டுத்தான் வருது. இருக்கற பொண்ணும் ஓடிருவா போல இருக்குது" என்றார் செல்லம்மாக்கா. எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து இன்னொன்றும் போட்டார். "இத எண்ணறதுக்குச் சம்பளம்னா சாயங்காலம் கடை வாசலுக்கு வந்துருங்க மேடம். நிக்காமயே எண்ணிப்போடலாம்."

குவியலைத் தொட வேண்டாம் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். முதலாளியின் கார் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

5. இரண்டு உண்மை

இந்தத் தடவை காரிலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். வீடியோ எடுத்தார். சேலத்துக்குப் போன் போட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினார்.

"ஏங் கண்ணு, இத்தன நாளா இத எங்க வெச்சிருந்த?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு நன்றி சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வேலைக்கு அது ஆகாது. "சார், ஒன்னு சொல்லிடறேன். வெட்டினதாலதான் வந்துச்சு. இல காஞ்சு சருகானதும் போயிடும். இங்கயே இருக்கற பூச்சி இல்ல."

"வெட்டலைன்னா?"

"பத்துப் பதினஞ்சு."

"வெட்டுனா?"

நான் சரிவைக் கையால் காட்டினேன்.

"அப்பறம் என்ன கண்ணு கொழப்பம்? வாரத்துக்கு ஒரு மூலையா வெட்டிப் போட்டுட்டே இருந்தாப் போச்சு. ஒரு பக்கம் வாடும், ஒரு பக்கம் மொளைக்கும். வர்ற கெஸ்டுக்கு இதவிட என்ன வேணும்? நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். இங்க கை வெக்கல. காட்டேஜ் மேல பழைய லைன் ஊடு இருக்குதில்ல, அங்க போட்டுக்கலாம். அங்க ஒன்னுமில்லையே?"

"அங்க பெருசா ஒன்னும் இல்ல சார்" என்றேன்.

டேட்டாவும் அதைத்தான் சொன்னது. பழுப்புப் பூச்சி நாலு, பழுப்புப் பூச்சி மூணு, பழுப்புப் பூச்சி அஞ்சு. அன்று நான் சொன்ன இரண்டுமே உண்மை. சரிவில் கூடியது வெட்டினதால் என்பதும் உண்மை, லைன் வீட்டுப் பக்கம் எண்ண ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு குப்பனூர் வரை இறங்கிப் போய் பரோட்டா சாப்பிட்டேன். ஜெயித்தவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டேன்.

6. சுவருக்குப் பின்னால்

அடுத்த வாரம் மழை சுத்தமாக விட்டது. ஜேசிபி வருவதற்கு முன் லைன் வீட்டுச் சுவர்களில் ஏறியிருந்த கொடியைச் சுத்தம் செய்யச் செல்லம்மாக்கா கூட்டத்தை அனுப்பியிருந்தார்கள். நான் கேட்டுக்குள் வண்டியை நிறுத்தும்போதே மேலிருந்து குரல் வந்தது.

"பூச்சி மேடமோவ்! இங்க வாங்க! ஒரே புழுவா இருக்குது, கையில ஏறுது!"

ஓடினேன். செல்லம்மாக்கா கையை உதறிக்கொண்டே நின்றார். விரலெல்லாம் பிசுபிசுவென்று வெள்ளைப் பால். பின்பக்கச் சுவர் முழுக்கக் கொடிப்பாலை, கை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு கூரை இருந்த இடம் வரை போயிருந்தது. இலைக்கு அடியில் புழு. கறுப்பும் வெளுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கறுப்புக் கொம்பு. கதவு இல்லாத நிலைக்கு அடியில் பச்சை நிறத்தில் கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருந்தது, மேலே பொட்டுப் பொட்டாகத் தங்க நிறம். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் சந்தேகமே இல்லை. புளூ டைகர்.

"அட கெரகமே" என்றார் செல்லம்மாக்கா, என் முகத்தைப் பார்த்து. "மறுக்காவும் வெட்டக் கூடாதுங்களா?"

"கொஞ்சம் நிறுத்துங்கக்கா."

"நீங்க ஒரு எடத்த வெட்டாதீங்கறீங்க. வெட்டுனா பூச்சி வருது. வெட்டுனா நல்லதுன்னு இங்க வந்தா மறுக்காவும் நிறுத்துங்கறீங்க. நாங்க எந்தப் பக்கம் கத்தியப் புடிக்கறது, நீங்களே சொல்லிப்போடுங்க."

அவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். பாதைக்கு வந்து நின்று பார்த்தேன். சுவரின் முன்பக்கம் பாதையிலிருந்து இரண்டரை மீட்டருக்குள். பின்பக்கம் வெளியே. இரண்டு வருஷமாக வாரா வாரம், மழை நாளும் மூடுபனி நாளும் தவிர, இந்தச் சுவரைத் தாண்டி நடந்திருக்கிறேன். ரூல்படி முன்னால் பார்த்துக்கொண்டு. பறப்பதை மட்டும் எண்ணிக்கொண்டு. இந்தக் கொடியில் பிறந்து வெளியே வருகிற பூச்சி நிழலில் உட்கார்ந்திருக்காது. வெயிலைத் தேடிப் போய்விடும். இந்த எஸ்டேட்டில் வெயில் எங்கே? கீழே சரிவில். அப்படியானால் செக்ஷன் மூன்றில் நான் எண்ணிக் குதித்த பத்துப் பதினைந்தில் பாதியாவது செக்ஷன் ஒன்றில் பிறந்ததாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். எந்தப் பூச்சியும் எங்கே பிறந்தேன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

7. ஒரு இடம்தான்

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"நீதானே கண்ணு அங்க ஒன்னுமில்லேன்ன?"

"பறக்கறது இல்ல சார். புழு இருக்கு."

"புழு எந்த எஸ்டேட்ல இல்ல? அதுக்குத்தான மருந்தடிக்கறோம்?"

"இது பட்டாம்பூச்சிப் புழு சார். கீழ பாத்தீங்களே, அந்த நீலக்கோடு போட்டது, அதோட புழு."

குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இங்க பாரு. பேங்க்ல லோன் போட்டாச்சு. எனக்கு ஒரு எடம் வேணும். காபி நிக்கற காட்டுல நான் கை வெக்க மாட்டேன். இருக்கறது இந்த ரெண்டு எடந்தான். பூச்சி வர்ற எடத்த உடறதா, புழு இருக்கற எடத்த உடறதா, நாளான்னைக்குள்ள சொல்லு. ரெண்டையும் கேட்டீன்னா ரெண்டும் போயிரும்."

மீரா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் நிறையக் கேள்வி கேட்டார். கொடி எவ்வளவு பழசு, புழு எத்தனை, வேறு எங்கெல்லாம் கொடி இருக்கிறது. பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

"நீங்களா இருந்தா எதச் சொல்லுவீங்க அக்கா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன்" என்றார். "இப்ப எனக்கும் தெரியலடி. நீ அங்க இருக்க. நீ பாத்துச் சொல்லு."

மறுநாள் முழுக்கச் சுற்றினேன். டிரான்செக்ட் இல்லை, பெட்டி இல்லை, வெறுமனே அலைச்சல். குப்பனூர் ரோட்டில் மண் வெட்டிய கரையிலெல்லாம் கிலுகிலுப்பை நின்றது. கரடியூர் வியூ பாயின்ட் போகிற வழியில் இருந்தது. போன வருஷம் கேபிள் பதிக்கத் தோண்டிய இடத்தில்கூட இருந்தது. யாரும் நடவில்லை. கொடிப்பாலையைத் தேடினேன்; புளூ டைகர் முட்டையிடுவது இந்த மாதிரிப் பால்கொடியில்தான், கிலுகிலுப்பையில் இல்லை. பக்கத்து எஸ்டேட் வேலியில் பென்சில் கனத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் கண்ணில் பட்டது. மிளகுக்கொடிக்கு இடைஞ்சல் என்று மற்ற இடங்களில் வெட்டிவிடுகிறார்கள். ஒரு நாளில் ஒரு ஆள் தேடியது அது. நான் பார்க்காத பத்துச் சுவர் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ராத்திரி தூக்கம் வந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. காலையில் எழுந்தபோதும் குழப்பம் அப்படியே இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன்.

"லைன் வீட்ட விட்டுடுங்க சார்."

"அப்ப அந்தச் சரிவு?"

"எடுத்துக்கோங்க."

"ஏங் கண்ணு, காரை மறிச்சு நின்னது நீ. மொய்க்கறதக் காட்டுனது நீ. இப்ப வேண்டாங்கறதும் நீ. கடசியா ஒன்னு கேக்கறேன், உனக்குப் பட்டாம்பூச்சி வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். அதனாலதான் சார்."

"ஒன்னும் வெளங்கல போ" என்று வைத்துவிட்டார். சொன்ன சொல்லுக்கு லைன் வீட்டுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று ரைட்டரிடம் சொல்லியும் விட்டார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையான ஆள்.

ரைட்டர் என்னைப் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மேடம், இந்த வாரம் ரிப்போர்ட்டுல கூடுச்சுன்னு எழுதுவீங்களா, கொறஞ்சுதுன்னு எழுதுவீங்களா?"

"தெரியலண்ணா."

"அதையும் எழுதலாங்களா?"

ஜூனியர்களே, உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ரூல்படி நடங்கள், ரூல்படி எண்ணுங்கள், அது இல்லாமல் ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் எண்ணி முடித்து ஆப்பை மூடியதும் ரூமுக்கு ஓடிவிடாதீர்கள். அதே பாதையில் சும்மா ஒருமுறை திரும்பி நடங்கள். சுவருக்குப் பின்னால் போங்கள், இலையைத் திருப்புங்கள், பால் வடிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் பாருங்கள். கூட்டம் எங்கே கூடுகிறது என்பது ஒரு கேள்வி. எங்கே பிறக்கிறது என்பது வேறு கேள்வி. நம் எண்ணிக்கை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், கேட்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்ன முடிவு சரியா என்று கேட்காதீர்கள். அடுத்த அக்டோபரில் மலையைக் கடக்கும் கூட்டம் அந்தச் சரிவில் எதைத் தேடி இறங்கும், இறங்காமல் போனால் எங்கே போகும், எனக்குத் தெரியாது. கொடியில் இருக்கும் புழுவில் எத்தனை சிறகு முளைத்து வெளியே வரும் என்றும் தெரியாது.

ஜேசிபி இன்று காலை செக்ஷன் மூன்றில் இறங்கிவிட்டது.